எட்டாவது படி

எங்கள் துறைத் தலைவி எதையும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார். ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட்டு, காலணிச் சத்தம் கேட்க நடந்து போய்விடுவார். அன்று காலை மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அட்டையில் அப்படியொரு தாள் இருந்தது. 'பொருத்தமில்லை, மாற்றவும்.' அதுவும் எங்கே? அவள் வரைந்திருந்த மனிதரின் முகத்தின் மேலேயே. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பொங்கோலில் ஒரு தொடக்கப்பள்ளியில் அப்போது நான் சமூகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'நம் நாட்டைக் கட்டியவர்கள்' என்பது அந்தப் பருவத்தின் தலைப்பு. பிள்ளைகளை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போய், அங்கே ஒருவரிடம் பேசவைத்து, அவரைப் பற்றி ஓர் அட்டை தயாரிக்கச் சொல்வோம். யாரிடம் பேசுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்கும். பூக்காரர், மசாலாக் கடைக்காரர், நகைக்கடை முதலாளி. ஆண்டுதோறும் அதே கேள்விகள், அதே பதில்கள். அதற்குப் பெயர் கற்றல் பயணமாம்.

அந்த மாணவி வரிசையிலிருந்து பின்தங்கிவிட்டாள். பதறிப்போய்த் தேடினால், பெயர்த்துப் போட்டிருந்த நடைபாதை ஓரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த, வெளிநாட்டிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த ஒரு கட்டுமானத் தொழிலாளியின் முன்னால் கேள்வித்தாளோடு நிற்கிறாள். "அங்கிள், நீங்க என்ன கட்டினீங்க?" என்று வீட்டுத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய சீருடையில் இருந்த பள்ளிச் சின்னத்தைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ஸ்கூல்தான் பாப்பா. அந்தப் புது பிளாக்கு. லிஃப்ட் பக்கத்துப் படிக்கட்டுல எட்டாவது படியப் பாரு, நெறம் கொஞ்சம் மாறியிருக்கும். டைல்ஸ் பத்தல, வேற பெட்டியிலேருந்து எடுத்துப் போட்டோம்."

மறுநாள் வகுப்பே படிக்கட்டுக்கு ஓடியது. சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினார்கள். எட்டாவது படி உண்மையிலேயே லேசான மஞ்சளாக இருந்தது. நாங்கள் எல்லாரும் தினமும் மிதித்த படி, ஒருவரும் கவனித்ததில்லை. அவர் பெயர் என்ன, எங்கே தங்குகிறார், அவருக்குத் தங்கள் வயதில் பிள்ளைகள் உண்டா என்று சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அச்சடித்த தாள் இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான். அவள் தன் அட்டைக்கு 'எங்கள் பள்ளியைக் கட்டியவர்' என்று தலைப்பு வைத்தாள். அந்த அட்டையின் மேல்தான் அந்த ஆரஞ்சுத் தாள்.

கையில் அட்டையோடு தலைவியின் அறைக்குப் போனேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவங்கெல்லாம் வந்துட்டுப் போறவங்க லா. டாபிக் பயனியர்ஸ், முன்னோடிங்க. சனிக்கிழமை பேரன்ட்ஸ் வராங்க, பூக்காரரப் போடச் சொல்லுங்க."

இதைச் சொன்னவர் தமிழர். தன் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்து இந்த ஊரில் சாலை போட்ட கதையை ஆண்டுதோறும் பள்ளி மேடையில் குரல் தழுதழுக்கச் சொல்பவர். அந்தக் கொள்ளுத்தாத்தா போட்ட சாலை வரலாறு. இந்தத் தொழிலாளி கட்டிய படிக்கட்டில் ஏறித்தான் தலைவி தன் அறைக்கே வருகிறார், ஆனால் இவர் வந்துவிட்டுப் போகிறவர். உங்கள் கொள்ளுத்தாத்தா மட்டும் குடியுரிமையைக் கையில் வைத்துக்கொண்டா கப்பலை விட்டு இறங்கினார் என்ற கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்த ஆண்டு என் பணி மதிப்பீடு அவர் கையில் இருந்தது. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மாணவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த அங்கிள் பொய் சொன்னாரா டீச்சர்?"

"இல்லம்மா."

"அப்ப நான் தப்பா எழுதிட்டேனா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மாத்தணும்?"

"பூக்கடைன்னா நல்லா கலர்ஃபுல்லா இருக்கும்ல" என்றேன். பட்டம் வாங்கி, பயிற்சி முடித்து, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இது. பூக்காரரிடம் பேசியிருந்த தோழியின் தாளைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இப்போது பிடோக்கில் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். தலைவி பதவி உயர்வு பெற்றுப் போய்விட்டார். அதே தலைப்பு ஆண்டுதோறும் வருகிறது. யாரிடம் பேச வேண்டும் என்ற பட்டியலை நான் கொடுப்பதில்லை, ஒட்டுத்தாள் வந்தால் கிழித்துப் போடுகிறேன். அதனால் என்ன? தலைவியைத் திட்டி என் கோபத்தில் பாதியைத் தீர்த்துக்கொள்ளலாம். மீதிப் பாதி என் மேல் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை, புது அட்டைக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். வந்திருந்த பெற்றோரில் ஒருவர் குனிந்து, மிகவும் அன்பாக, "இந்தப் பூக்காரரிடம் நீயே போய்ப் பேசினாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் அந்தப் பூக்காரரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பக்கத்தில் தலைவி சிரித்த முகத்தோடு நின்றிருந்தார். பிள்ளை என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

நான் தலையசைத்தேன்.

"யெஸ்" என்றாள்.

"குட் கேர்ள்" என்று தலைவி அவள் கன்னத்தைத் தட்டினார்.