மேலுமலை இறக்கத்தில் ஒரு லேசான ஸ்டீயரிங்

1958 தை மாதம், சேலம் ஜில்லாவில், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கும் மேலுமலைச் சாலையில் நடந்தது இது. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குப் பிடிபடும். ஆகவே முதலில் வரிசை:

1. இறக்கத்தில் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.
2. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது.
3. அவரும் நானும் சேர்ந்து அதை இழுத்தோம்.
4. எஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கியது.
5. அதற்குப் பிறகுதான் நிஜமான ஆபத்து வந்தது.

பர்கூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கல் குவாரி. மெட்ராசில் கட்டுமானப் படிப்பு முடித்துவிட்டு, கல்லின் தரம் பார்க்கும் வேலையை அவரிடமே செய்துவந்தேன். பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்ற பெரிய பிக்கப் வண்டியைச் சித்தப்பா வாங்கினார். அதில் பவர் ஸ்டீயரிங் இருந்தது. எஞ்சின் ஒரு பெல்ட்டைச் சுழற்றும், பெல்ட் ஒரு பம்ப்பை ஓட்டும், பம்ப் தள்ளும் எண்ணெய் முன் சக்கரங்களைத் திருப்பும். நாம் இரண்டு விரலால் திருப்பினால் போதும்.

குவாரி லாரியின் ஸ்டீயரிங்கை என்னால் கால்வாசி கூடத் திருப்ப முடிந்ததில்லை. இந்த வண்டியை ஒரு வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கல் மாதிரிகளை ஓசூர்ப் பாலம் வேலைக்கு நானே கொண்டுபோகிறேன் என்று சித்தப்பாவிடம் கேட்டிருந்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். யோசனை என் பக்கம் சாயாததற்குக் காரணம், குவாரி லாரியிலிருந்து இந்த வண்டிக்கு மாற்றப்பட்டிருந்த டிரைவர்.

"இது வண்டியா பாப்பா? லாரில கல்லு மேல ஏறுனா கைக்குத் தெரியும், மணல்ல எறங்குனா தெரியும். இதுல ஒண்ணுமே தெரில. செத்தவன் கையப் புடிச்ச மாதிரி இருக்குது."

"தெரியாம இருந்தா நல்லதுதானண்ணா, தோளு வலிக்காது."

"தோளு வலிச்சாத்தான் ரோட்டுல இருக்கறோம்னு அர்த்தம்!"

இதையே அவர் சித்தப்பாவிடமும் சொல்லி, அந்தப் பம்ப்பைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்டீயரிங் ஆக்கிவிடலாம் என்று கிட்டத்தட்டச் சம்மதிக்க வைத்திருந்தார். கழற்றினால் அந்த வண்டியும் எனக்கு இன்னொரு லாரிதான்.

அன்று ஓசூரிலிருந்து கடப்பாரைகளும் இரண்டு பீப்பாய் டீசலும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். சூளகிரி தாண்டி இறக்கம் தொடங்கியதும் அவர் கியரை விடுவித்து, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எல்லா டிரைவர்களும் செய்வதுதான். லாரியில் அதனால் ஒன்றும் ஆகாது. இங்கே எஞ்சின் நின்றால் பெல்ட், பம்ப், எண்ணெய் எல்லாம் நிற்கும் என்று என் மனம் வரிசை போட்டு முடிப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.

இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் பாறை. சாலை வலது பக்கம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. அவர் தெலுங்கில் வண்டியைத் திட்டியபடி ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்து இழுத்தார். பிரேக்கை மிதித்தார். வேகம் குறைந்தது, ஆனால் பின்னால் இருந்த பாரம் வண்டியை நிற்க விடவில்லை. நானும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அங்குலம் அங்குலமாகத்தான் அசைந்தது. இடது சக்கரம் சாலையோரச் சரளையில் இறங்கும் சத்தம் கேட்டது.

"சாவியப் போட்டு டாப் கியர்ல கிளட்ச்ச விடுங்கண்ணா!" என்று கத்தினேன். சொன்னது சரிதான். ஓடும் சக்கரங்களே சுழற்ற, எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

ஆனால் நாங்கள் இருவரும் முழுப் பலத்தையும் வலது பக்கம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தோம். பம்ப் உயிர் பெற்றதும் அந்தப் பலத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. கெட்டியாகச் சாத்தியிருந்த கதவு திடீரெனத் திறந்தால் தள்ளுகிறவன் உள்ளே போய் விழுவது போல, வண்டி பாறையை நோக்கிப் பாய்ந்தது. எதிரே, பாறையை ஒட்டி, கேழ்வரகுத் தாள் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது.

"கைய எடு பாப்பா!"

எடுத்தேன். அவரும் விரல்களை விரித்து, உள்ளங்கையை மட்டும் வைத்து மெல்லத் திருப்பினார். முன் மட்கார்டு பாறையில் உரசிக்கொண்டு நீளமாகக் கிழிந்தது. மாடுகளுக்கு நாலைந்து முழம் முன்னால் வண்டி நின்றது.

வண்டிக்காரர் மாடுகளை அடக்கிவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வண்டிய ஓட்டறதுக்கு ரெண்டு பேரா? அதான் இப்பிடிப் போவுது!"

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. டிரைவர் கீழே இறங்கி, கிழிந்த மட்கார்டைப் பார்த்துவிட்டு வந்தார். குவாரி வரும்வரை சித்தப்பாவிடம் சொல்ல நான் பதில்களை வரிசையாகத் தயார் செய்துகொண்டே இருந்தேன்.

சித்தப்பா மட்கார்டைப் பார்த்தார். "நாளைக்கே அந்தப் பம்ப்பக் கழட்டிப் போடுங்க."

என் முதல் பதில் வாயில் இருக்கும்போதே டிரைவர் முந்திக்கொண்டார். "வேணாம் மொதலாளி. இஞ்சின நிறுத்தனது நான். அது ஓடற வரைக்கும் வண்டி சொன்னபடிதான் கேக்குது. பாப்பா ஓட்டட்டும். எனக்கு என் லாரியக் குடுத்துடுங்க."

"ஏன், உன்னால முடியாதா?"

"முடியும். பலம் போடாத இருன்னா என் கையி கேக்க மாட்டேங்குது."

எஞ்சினைப் போடச் சொன்னவள் நான்தான், கையைத் தளர்த்தச் சொல்லத் தோன்றவில்லை என்று நானும் சொன்னேன்.

"தப்ப ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறீங்க. மட்கார்டு மட்டும் எனக்கா?" என்றார் சித்தப்பா. பம்ப்பைக் கழற்றும் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

டிரைவர் என் மேல் உள்ள பிரியத்தால் அப்படிச் சொன்னாரா, லாரியின் மேல் உள்ள பிரியத்தால் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் லாரியில் ஏறி உட்கார்ந்த வேகத்தைப் பார்த்தபோது கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

இப்போது வாரம் ஒரு முறை ஓசூருக்குக் கல் மாதிரிகளை நானே ஓட்டிப் போகிறேன். கை நோகாத இந்த வண்டியில், கீழே சாலை எப்படி இருக்கிறது என்று கண்ணும் காதும்தான் எனக்குச் சொல்ல வேண்டும். அதனால் எப்போதும் ஒரு பரபரப்பு கூடவே வருகிறது, அதுதான் என்னை விழிப்பாக வைத்திருப்பதால் அதைப் போக்கிக்கொள்ள நான் முயலவில்லை.