கல்லுக்குப் பயப்படாத நாய்

டென்மார்க்கில, எஸ்பியர்க் நகரத்தில வீடுவீடாய்ப் போய் வயதுபோன ஆக்களைப் பராமரிக்கிறதுதான் என்ரை வேலை. ஒருநாள் புதுவீடொண்டின்ரை படலையைத் திறந்தால், முன்னுக்கு ஒரு வெள்ளை ஹஸ்கி நாய் நிக்குது. கண் ரெண்டும் வெளிறின நீலம். அது கோபமோ பசியோ, ஒரு இழவும் விளங்கேல்லை.

யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில, கல்லெடுக்கிறமாதிரிச் சட்டெண்டு குனிஞ்சன். எங்கட ஊர் நாயெண்டால் அந்தக் குனிவுக்கே ஒழுங்கை முடியுமட்டும் ஓடும். இது என்னைப் பாத்துப் பாய்ஞ்சு வந்துது. நான் கண்ணை இறுக்கி மூடினன். ஒரு ஈரமூக்கு என்ரை வெறுங்கையை மோந்துது.

வீட்டுக்கார அம்மா யன்னலால எட்டிப் பாத்துச் சிரிச்சா.

“நீ பந்து எறியப்போறாய் எண்டு நினைக்குது.”

பிறந்ததில இருந்து ஒரு கல்லெறியும் வாங்காத நாய். அப்பிடியொண்டை எப்பிடிக் கலைக்கிறதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.