அண்ணியிடம் பேசிய இங்கிலீஷ்

அம்சாவை இப்போது பார்க்கிறவர்கள், அவள் அந்தக் கவுண்ட்டரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்று நினைப்பார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் அது. பெங்களூர்க்காரர், டெல்லிக்காரர், கல்யாணப் பட்டு எடுக்க வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் என்று யார் வந்து நின்றாலும், "குட் மார்னிங், வெல்கம்" என்று எழுந்து நின்று சாவியை எடுத்துக் கொடுப்பாள். வெந்நீர் எப்போது வரும், நடை எப்போது சாத்துவார்கள், ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்டால் நியாயம், எல்லாம் இங்கிலீஷில் சொல்வாள். பேச்சு அங்கங்கே நொண்டும். அதைப் பற்றி அவளுக்கும் கவலையில்லை, வந்தவர்களுக்கும் இல்லை.

ஆனால் இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் மாறிவிடும். "சர்ச் ஹால்ல சார்" என்று சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த ஆறு மாதத்தைப் போல இன்னொன்று தன் ஆயுசில் வராது என்பது அவள் எண்ணம். யாராவது திருப்பிக் கொடுத்தால், கவுண்ட்டர் நாற்காலியை விட்டுவிட்டுத் துடைப்பத்தோடு அங்கே போய் உட்காரத் தயார்.

அப்போது அவள் இதே லாட்ஜில் அறை கூட்டிக்கொண்டிருந்தாள். கொரோனா ஓய்ந்த மறுவருஷம் அது. கவுண்ட்டரில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட, மேனேஜர் நமச்சிவாயம், "நாலு வார்த்தை இங்கிலீஷ் கத்துக்கினு வாம்மா, இந்த சேர் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன சர்ச். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அங்கே சாயங்காலத்தில் இலவசமாக இங்கிலீஷ் பேசச் சொல்லித் தந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அம்சாவும் போனாள்.

சொல்லிக் கொடுத்தவள் பெயர் திரிஷா. படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த பெண். வகுப்பில் பாதிப் பேருக்கு மகள் வயசு. அதட்டலில் மட்டும் மாமியார். அவளிடம் இரண்டே சட்டம். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் தமிழ் கூடாது, மீறினால் கையைத் தட்டி "நோ டமில்!" என்பாள். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். கடைசிவரை ஜோடி மாறக் கூடாது.

அன்றைக்கு ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் சுகாசினி.

சுகாசினி வேறு யாருமில்லை, அம்சாவின் அண்ணன் ராமராஜனின் மனைவி. அம்சாவின் பிறந்த ஊரான தாமலிலிருந்து பஸ் ஏறி வந்து, டவுனில் ஒரு பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலை பார்த்துவந்தாள். அண்ணியும் நாத்தனாரும் பேச்சை நிறுத்தி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு காலத்தில் அவர்கள் இருந்த இருப்பே வேறு. சுகாசினி கழுத்தில் மூன்றாவது முடிச்சுப் போட்டவள் அம்சாதான். அப்போது அவளுக்குத் தாவணி வயசு. வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க, இரண்டு பேரும் முந்தானையையும் தாவணியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். ஒருத்திக்கு வளையல் வாங்கினால் இன்னொருத்தி கையிலும் அதே நிறம் ஏறும். "எனக்கு மருமவ வந்தாளா, இன்னொரு பொண்ணு பொறந்தாளா தெரில" என்று அம்மா கங்கையம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அம்மாவின் சாவில்தான் எல்லாம் கெட்டது. அன்று ராமராஜன் லாரியோடு சேலம் பக்கம் போயிருந்தான். ராத்திரி கங்கையம்மாளுக்கு மூச்சுத் திணறியது. வீட்டில் சுகாசினி மட்டும்தான். டவுனில் வாழ்க்கைப்பட்டிருந்த அம்சாவுக்கு அவள் ஃபோன் செய்யவில்லை. எல்லாம் முடிந்த பிறகு விடிகாலையில்தான் சேதி வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த அம்சா, தெருவே பார்க்க, "எங்கம்மா மூஞ்சிய உசுரோட பாக்க வுடாம பண்ணிட்டியேடி பாவி!" என்று அண்ணியைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். சுகாசினி வாய் திறக்க மூன்று முறை முயன்றாள். அம்சா ஒரு முறையும் விடவில்லை. காரியம் முடிந்த கையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி அவளோடு ஒரு பேச்சும் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாள்.

அம்சாவுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். புத்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்த ராத்திரி அம்மாவோடு இருந்தவள் சுகாசினி ஒருத்திதான் என்பது டவுனுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. அம்மா வலியில் துடித்தாளா, தண்ணீர் கேட்டாளா, தன் பேரைச் சொன்னாளா, யாருமில்லாமல் தனியாகக் கிடந்து போனாளா? அண்ணனைக் கேட்டால், "நான் சேலத்துல இருந்தேன், எனக்கு இன்னா தெரியும்?" என்பான். கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் பேச முடியாமல் தானே தன் வாயைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கேள்வி வருஷக்கணக்காக அவளை அரித்தது.

ஆக, சர்ச் ஹாலில் அண்ணியைப் பார்த்ததும் அப்படியே திரும்பத்தான் பார்த்தாள். திரிஷா விடவில்லை. தோளைப் பிடித்து உட்காரவைத்து, எதிரே இருப்பவளின் பெயரைக் கேட்கச் சொன்னாள்.

"வாட் ஈஸ் யுவர் நேம்?" என்று அம்சா சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"மை நேம் ஈஸ் சுகாசினி. வாட் ஈஸ் யுவர் நேம்?" என்று அண்ணி தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"மை நேம் ஈஸ் அம்சா."

"நைஸ் டு மீட் யூ."

தாலி முடிச்சுப் போட்ட நாத்தனாரிடம் பேசுகிற பேச்சா இது! இருந்தாலும் அந்தக் குரல் இத்தனை வருஷம் கழித்துத் தன்னோடு பேசியிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அம்சா மாரியம்மன் கோயில் இருக்கும் திசையில் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது பேச்சு இல்ல தாயே, பாடம்" என்றாள். சத்தியம் தமிழில் செய்தது, இங்கிலீஷ் அதில் சேராது என்று ஒரு வாதமும் வைத்துக்கொண்டாள். அம்மன் மறுத்துப் பேசவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேடிக்கை. ஆறு மணிக்கு உள்ளே போனால் உறவு. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் பஸ் நிறுத்தத்தில் யாரோ எவரோ மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே ஒருநாள், "வாட் டிட் யூ ஈட் டுடே?" என்று பாடம். "ஐ ஈட் கருவாட்டுக் குழம்பு" என்றாள் சுகாசினி. கொஞ்சம் பொறுத்து, "யூ லைக்" என்றாள். மறக்கவில்லை! மறுநாள் அம்சாவின் நாற்காலியில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அம்சா அதில் கோயில் இட்லி வைத்துக் கொடுத்தாள். "தேங்க் யூ." "வெல்கம்." அதன்பிறகு அந்தப் பாத்திரம் நிரம்பி நிரம்பிப் போய்வந்தது.

திரிஷா சொல்லித்தந்த இங்கிலீஷில் ப்ளீஸ் உண்டு, சாரி உண்டு, சண்டை போடத்தான் ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் வாயாடிகளான இரண்டு பேரும் வேறு வழியில்லாமல் மரியாதையாகப் பேசினார்கள். வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமை அம்சாவுக்கு நகரவே நகராது. "இங்கிலீஷ் படிக்கிறவ இப்டியா ஏங்குவா?" என்று வீட்டுக்காரர் காசிநாதன் கேலி செய்வார்.

ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் வெளியே வரவில்லை. லாட்ஜ் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டே "மை மதர், லாஸ்ட் நைட்" என்று ஒத்திகை பார்ப்பாள். சுகாசினிக்கு எதிரே உட்கார்ந்ததும், "ஹவ் ஆர் யூ" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது திரிஷாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமையோடு வகுப்பு முடிகிறது என்றாள். எல்லோரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அம்சாவுக்கு அழுகையாக வந்தது. வகுப்பு போனால் இங்கிலீஷ் போச்சு. இங்கிலீஷ் போனால் அண்ணி போச்சு. அம்மாவின் அந்த ராத்திரியும் அண்ணியோடு போய்விடும்.

கடைசிப் பாடம் ஃபோனில் பேசுவது. ஜோடிகள் நாற்காலியைத் திருப்பி முதுகுக்கு முதுகு உட்கார்ந்து, செல்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா பேசிப் பழக வேண்டும். ஒரு ஜோடிக்கு ரூம் புக் பண்ணும் பேச்சு, இன்னொன்றுக்கு டாக்டரிடம் நேரம் கேட்கும் பேச்சு. ஒன்றும் அறியாத திரிஷா இவர்களிடம் வந்து, "வீட்ல ஒருத்தங்க சீரியஸ். சொந்தக்காரங்களுக்கு கால் பண்ணணும்" என்று இங்கிலீஷில் சொல்லி, சுகாசினி கூப்பிடவும் அம்சா எடுக்கவும் வேண்டும் என்று காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அம்சா ஃபோனைக் காதில் வைத்துக் காத்திருந்தாள்.

"ட்ரிங் ட்ரிங்" என்று கடைசியில் ஒரு குரல் வந்தது. அது சுகாசினியின் குரல் மாதிரியே இல்லை.

"ஹலோ, ஹூ ஈஸ் ஸ்பீக்கிங்?"

"சுகாசினி."

"எஸ். டெல் மீ."

"அம்சா... அம்மா நாட் வெல். ப்ரீத்திங் ப்ராப்ளம். ப்ளீஸ் கம். டோன்ட் வெயிட் மார்னிங். கம் நௌ, அம்சா."

அன்று வராத ஃபோன் அது. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் வருகிறது. "ஐ ஆம் கமிங்" என்று சொல்லத்தான் திரிஷா பழக்கியிருந்தாள். அம்சாவுக்கு அது வாயில் வரவில்லை.

"வரேன் அண்ணி" என்றாள். "தோ கெளம்பிட்டேன். நான் வர்ற வரிக்கும் அம்மாவ தனியா வுடாதீங்க, பக்கத்துலயே இருங்க."

"அம்சா ஆன்ட்டி, நோ டமில்!" என்று திரிஷா கைதட்டினாள். இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை.

"இருந்தேம்மா" என்றாள் சுகாசினி, ஃபோனுக்குள்ளேயே. "ஒரு நிமிசம் நவுரல. என் மடியிலதான் தல வெச்சிக்கினு இருந்தாங்க அத்தை. தண்ணி குடுத்தேன், ரெண்டு முழுங்கு குடிச்சாங்க. போன எடுத்தேன் அம்சா, உனக்குத்தான் போட எடுத்தேன். கையப் புடிச்சிக்கினு, 'வாணாம், கொயந்த தூங்கட்டும், காலைல வருவா'ன்னாங்க. நானும் காலைல நீ வந்து பாப்பன்னுதான்மா நெனச்சேன்..."

நாற்பது வயது தாண்டிய அந்தக் குழந்தை, தேம்பிக்கொண்டே ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பறம் அண்ணி?" என்று கேட்டாள். "அப்பறம் இன்னா சொன்னாங்க?"