உப்புப் படாத வண்டி

பழைய கார் விற்கிறவன் எவனும் மனிதனே இல்லை என்பது பெர்னடெட் கோவாலிக்கின் கட்சி. ஐம்பத்தேழு வயதுக்குள் பதினோரு பழைய கார்களை ஓட்டித் தீர்த்தவள், அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஒஹாயோவில் ஈரி ஏரிக்கரை ஊர். வருஷத்தில் ஐந்து மாதம் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு பனியைக் கரைக்கிறதோ இல்லையோ, காரைக் கரைத்துவிடும். அவளுடைய பதினோராவது கார் பிப்ரவரியில் செத்தது. மெக்கானிக் அதைத் தூக்கி நிறுத்திப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

"தூக்கினா ரெண்டா பொளந்துக்கும், பெர்னி. அப்புறம் என்னைக் கேக்காத."

அதோடு அவள் தலைமேல் வந்து விழுந்தவன் வெண்டல். தங்கை ரோசலியின் புருஷன். முந்நூற்றைம்பது பவுண்டு உடம்பு, அதில் மூளைக்கு என்று கடவுள் ஒரு பவுண்டுகூட ஒதுக்கவில்லை என்பது பெர்னடெட்டின் தீர்மானம். எங்கே போகவேண்டும் என்றாலும் அவனுடைய பிக்கப் வண்டியில்தான் போகவேண்டியிருந்தது. இருக்கை முழுக்க டோனட் சர்க்கரை. இறங்கினால் கோட்டின் பின்பக்கம் வெள்ளையாகிவிடும். அவன் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை, ஒருநாளும் வராமல் இருந்ததும் இல்லை. பின்னதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த பல்பு தொழிற்சாலை மூடியாயிற்று. முப்பது மைல் தள்ளி, ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. ஏப்ரல் முதல் திங்கள்கிழமை, காலை ஆறு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கையில் இருந்தது நாலாயிரத்து இருநூறு டாலர், அதற்குமேல் ஒரு சென்ட் இல்லை. அதற்குள் ஒரு கார் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் தினமும் விடியுமுன் வெண்டலைக் கெஞ்சவேண்டும். அதற்குப் பட்டினி கிடக்கலாம் என்று நினைத்தாள்.

அவளிடம் ஓர் ஆயுதம் இருந்தது. பல் டாக்டர் இனாமாகக் கொடுத்த, கடைவாய்ப்பல் வடிவத்தில் ஒரு காந்தம். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புவாள். காரின் கதவோரம், சக்கரத்துக்கு மேலே, எல்லா இடத்திலும் வைத்துப் பார்ப்பாள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் விழுந்தால், துருப்பிடித்த ஓட்டையைப் பசையால் அடைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறான் என்று அர்த்தம். காந்தம் கீழே விழும்போதெல்லாம் அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தால், கார் வாங்க வந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்று வாரம் வெண்டலை இழுத்துக்கொண்டு அலைந்தாள். ஒருத்தன் காரின் அடியில் அப்போதுதான் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தான். விரலை வைத்தாள், ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா, செத்தவனுக்குக்கூட இவ்வளவு பவுடர் போடமாட்டாங்களே!"

இன்னொருத்தி கண்ணாடியில் பைன் மர வாசனை அட்டை தொங்கவிட்டிருந்தாள். பெர்னடெட் கதவைத் திறந்து மூடியதோடு சரி. "வாசனை மரம் தொங்குதுன்னா உள்ள ஏதோ நாறுதுன்னு அர்த்தம்," என்று அந்த அம்மாள் காதில் விழும்படியே வெண்டலுக்குப் பாடம் நடத்தினாள். வெண்டல் தலையாட்டிக்கொண்டு டோனட் தின்றான்.

வேலையில் சேர நாலே நாள் இருக்கையில், வியாழக்கிழமை, நெடுஞ்சாலையோரம் ஒரு சின்ன விற்பனை மைதானம். கொடித்தோரணம், தகரக்கூரை, கர்ட் என்று ஒரு ஆள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பெர்னடெட்டுக்கு அந்தப் பல்லைப் பார்த்தாலே எரிந்தது.

"இது தெக்க லூசியானாவுல ஓடின வண்டி, மேடம். பனின்னா என்னன்னே இதுக்குத் தெரியாது. உப்பே படாத ஒடம்பு."

"நீ சொல்லாத. என் காந்தம் சொல்லும்."

காந்தம் சொன்னது. வைத்த இடமெல்லாம் கப்பென்று பிடித்துக்கொண்டது. சேற்றுப்பனியில் அட்டையை விரித்து, அந்த வயதில், மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒரு பொட்டு துரு இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம்போல இருந்தது அடிப்பாகம். பதினோரு கார்களில் அப்படி ஒன்றை அவள் கண்டதே இல்லை. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. குளிர் என்றாள்.

உள்ளே மூன்று வாசனை மரங்கள் தொங்கின. பார்க்கத்தான் செய்தாள். இருக்கைகளுக்குப் புத்தம்புது உறை. அதையும் பார்த்தாள். துருவையே வாழ்நாளெல்லாம் எதிரியாக நினைத்தவளுக்கு, துரு இல்லாத வண்டியில் வேறு என்ன குறை இருக்க முடியும்? உப்புத் தின்று வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே இப்படிப்பட்ட புத்திசாலிகள்தான்.

"நான் ஒருதரம் உள்ள உக்காந்து பாக்கவா, பெர்னி?" என்றான் வெண்டல்.

"எதுக்கு? நீ உக்காந்தா ஸ்பிரிங் போயிடும். தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன், அப்புறம் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்ற தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். நூறு டாலர் பேரம் பேசிக் குறைத்ததில் கர்ட்டைச் சுத்த மடையன் என்று முடிவுகட்டினாள்.

மறுநாள் தவக்காலத்து வெள்ளி, இறைச்சி ஆகாது. மாதா கோயில் மண்டபத்தில் பொரித்த மீனும் பியரோகிக் கொழுக்கட்டையும் கிடைக்கும், ஊரே வந்து உட்காரும். வெண்டலின் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரனை நீளமாக அடித்தாள். வேண்டுமென்றேதான்.

"ஏறு. காலை நல்லாத் தட்டிட்டு ஏறு. இது உன் குப்பைத்தொட்டி இல்ல."

வெண்டல் ஏறினான். கார் முனகிக்கொண்டு சாய்ந்தது. பெல்ட்டை இழுத்தான். மற்றவர்களுக்குப் பாதி இழுத்தால் போதும், அவனுக்கு முழுசும் வேண்டும். இழுத்தான், இன்னும் இழுத்தான். உருளையின் கடைசிச் சுற்றுவரை வெளியே வந்தது. நன்றாகத் துடைத்திருந்த சாம்பல் நிறப் பட்டை ஒரு கோட்டோடு முடிந்தது. அதற்கு அப்புறம் ஒரு முழ நீளத்துக்குக் காய்ந்த வண்டல். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு புல். கர்ட் துடைத்த துணி அவ்வளவு தூரம் போகவில்லை.

இது ஜன்னல்வரை வெள்ளத்தில் முங்கிக் கிடந்த வண்டி. உப்புதான் படவில்லை. அடியில் ஓடும் மின்கம்பிகளெல்லாம் உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருக்கும், இன்றைக்கோ அடுத்த மாதமோ நடுரோட்டில் நின்றுவிடும். அதைப் பெர்னடெட்டுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மூன்று வாரம் தான் திட்டிய அத்தனை பேரும் வரிசையில் நின்று சிரிப்பதுபோல இருந்தது.

வெண்டல் அந்தக் கோட்டைப் பார்த்தான். பிறகு தடித்த கையை மெல்ல அதன்மேல் வைத்து மூடிக்கொண்டான்.

"சொல்லித் தொலையேன்," என்றாள். "சிரி. உனக்கும் ஒரு நாள் வந்திருக்கு."

"நல்லா ஓடுது, பெர்னி. சத்தமே இல்ல."

மண்டபத்தில் நாலு பேர் காரைச் சுற்றி வந்தார்கள். வெண்டல் மீன் தட்டோடு நின்று எல்லோரிடமும் சொன்னான்: "காந்தம் வச்சுப் பாத்து வாங்கினா. ஒரு பொட்டு துரு கெடையாது. அவளை ஏமாத்த முடியுமா?" பெர்னடெட் பியரோகியை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தாள். அவன் காட்டிக்கொடுத்திருந்தால் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

திரும்பி வரும்போது, மழைத் துளி ஒன்றுகூட இல்லாமல், வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது. அவள் அணைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து அவன் வாசலில் நிறுத்தினாள்.

வெண்டல் பெல்ட்டைக் கவனமாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டான். இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"திங்கக்கெழமை எத்தனை மணிக்கு வரட்டும்?"

காய்ந்த கண்ணாடியை வைப்பர் கீச்சுகீச்சென்று தேய்த்துக்கொண்டிருந்தது.

"அஞ்சு மணிக்கு," என்றாள் பெர்னடெட். "லேட்டா வந்து தொலைக்காத."