வாட்டி அறுத்துக் கொடுத்த மட்டைகள்

செங்கா பெட்ரிக்கு ஐம்பத்தாறு வயதில் கோல்ஃப் ஆசை வந்ததற்குக் காரணம் பருப்பு சூப். பிட்கெரி ஊரில் அக்டோபர் மாத ஆண்-பெண் ஜோடி ஆட்டத்தன்று, ஆடத் தெரியாதவர்தான் கிளப்பில் சூப் கிளற வேண்டும். மற்ற மனைவிமார்கள் எப்படியோ ஆடப் பழகிவிட்டார்கள். கரண்டி செங்காவின் கையோடு தங்கிவிட்டது. கணவன் வாட்டியோ வருஷாவருஷம் தன் தங்கையை ஜோடி சேர்த்துக்கொண்டு ஆடப் போய்விடுவான்.

"இந்த வருஷம் நான் உன்கூட ஆடறேன்," என்றாள் செங்கா ஒரு நாள் காலை, கஞ்சி பரிமாறிக்கொண்டே.

வாட்டி சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். முதல் குழிக்கு முன்னால் இருக்கும் ஓடையைத் தாண்டிப் பந்தை அடித்துக் காட்டினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னான். புது மட்டை வாங்கும் பேச்சுக்கு மட்டும் இடமில்லை. அந்த ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மட்டை என்றால், வீட்டு ஆம்பளையின் பழைய மட்டையை அறுத்துக் கொடுப்பதுதான். வாட்டி குழாய் வேலை செய்பவன். ரம்பத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. சாயங்காலத்துக்குள் ஐந்து மட்டைகளை அறுத்து, பிடியில் நீல டேப்பைச் சுற்றி நீட்டினான்.

அவற்றால் செங்கா அடித்தது பெரும்பாலும் புல்லைத்தான். பந்து நகர்ந்தால், யாருக்கோ வழிவிடுவது போலக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. உள்ளங்கை எரிந்தது. உனக்கு இது வராது, விட்டுவிடு என்றான் வாட்டி. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாளே பஸ் ஏறி, பக்கத்து டவுனில் இஷ்பெல் நடத்தும் கோல்ஃப் கடைக்குப் போனாள். இஷ்பெல் வாட்டியின் கைவேலையை வாங்கி, தண்டை வளைத்துப் பார்த்தாள். வளையவில்லை. விறைப்பான இரும்புத் தண்டு, அறுத்ததில் இன்னும் விறைத்துப் போயிருந்தது.

"கடப்பாரையால அடிச்சிருக்கீங்க, மிசஸ் பெட்ரி. பந்து மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல."

லேசான தண்டும் அகலமான தலையும் உயரத்துக்கேற்ற நீளமும் இருந்தால் போதும், புதிதாக ஆடுபவருக்குப் பை நிறைய மட்டை எதற்கு என்று சொல்லி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கச் சொன்னாள். செங்கா பளபளப்பைப் பார்க்கவில்லை. எதை வீசினால் பந்து நினைத்த பக்கம் போனதோ, அப்படி ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். எல்லாம் யாரோ ஆடி விட்டுப்போன பழசு. வீட்டுக்கு வந்ததும் நீல டேப்பைத் தேடி எடுத்து எல்லாப் பிடிகளிலும் சுற்றினாள்.

வாட்டிக்குச் சந்தேகமே வரவில்லை. கோல்ஃப்காரன் பந்து போகும் திசையைத்தான் பார்ப்பான், அடுத்தவர் மட்டையை அல்ல. பந்து ஓடையைத் தாண்டியது. அவன் வாயைப் பிளந்தான், அப்புறம் மூடவேயில்லை. தன் ரம்பத்தின் மகிமையைக் கோடை முழுக்கக் கிளப்பில் அளந்தான். செங்கா உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். கேட்கக் கேட்க ருசியாக இருந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

ஆட்டத்தன்று மைதானத்தில்தான் விஷயம் தெரிந்தது: அறுத்த மட்டைதான் பந்தைப் பறக்கவிடுகிறது என்று நம்பி, வாட்டி தன் உயிருக்கு உயிரான நீள மட்டையையும் அறுத்துக்கொண்டு வந்திருந்தான்.

ஜோடிக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். முதல் அடி அவனுடையது. அந்த வருஷம் சூப் கிடையாது என்ற கடுப்போடு ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறடி மனிதன் கூனிக் குறுகி வீசினான். பந்து தரையோடு உருண்டு ஓடைக்குள் விழுந்தது. அபராதத்தை ஏற்றுக்கொண்டு, இன்னொரு பந்தைப் போட்டு செங்கா அடித்தாள். அது ஓடையைத் தாண்டி, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

வாட்டி முதல்முறையாக அவள் மட்டையைக் கையில் வாங்கினான். தண்டை வளைத்தான். வளைந்தது.

"இது என்னோடது இல்லியே."

"இல்ல."

"நான் அறுத்துக் குடுத்ததெல்லாம் எங்க?"

"கொல்லையில பட்டாணிக் கொடிக்கு நட்டு வச்சேன். உயரம் கச்சிதமா இருந்துச்சு. கோடை பூரா நீதான தண்ணி ஊத்துன?"

அவன் மட்டையைத் திருப்பிக் கொடுத்தான். அன்று முழுக்க அந்தக் குட்டை மட்டையால் புல்லைப் பெயர்த்தான். கடைசிக் குழிக்கு நடந்து போகும்போதுதான் வாயைத் திறந்தான்.

"அந்தப் பருப்ப எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்?"