பிளாக் கணக்கு திருவல்லிக்கேணியில் பலிக்கவில்லை

நாங்கள் குடியிருக்கும் நெய்வேலி டவுன்ஷிப்பில் ரோடுகள் பிளாக் பிளாக்காகக் கட்டம் போட்டதுபோல் இருக்கும். அதனால் மகள் கயலிடம், "வழி தெரியலைன்னா இடது பக்கமே திரும்பிகினு வா, கிளம்பின இடத்துக்கே வந்துடுவ" என்று சிறு வயதிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

போன கோடை விடுமுறையில் அவளுக்குப் பழைய சென்னையைச் சுற்றிக் காட்டினேன். மயிலாப்பூர் மாடவீதி, சௌகார்பேட்டை எல்லாம் பார்த்துவிட்டுத் திருவல்லிக்கேணிக்கு வந்தோம். ஒரு ஜவுளிக்கடையில் துணியைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் காணோம்!

பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே சந்து சந்தாக ஓடினேன். கைபேசி அடித்தது.

"அம்மா, அத்தர் வாசனை பிடிச்சுகினு நடந்துட்டேன். நீ சொன்னாப்ல இடது பக்கமே திரும்பிப் பாத்தேன், சந்து எங்கயோ போவுது. மசூதி எதிர்ல வளையல் கடை, அந்த அக்கா போன்ல பேசறேன். இங்கயே நிக்கறேன், வா."

விசாரித்து ஓடினேன். கடைக்காரப் பெண் சிரித்தார். "யாரோ ஒரு ஆளு, 'வா பாப்பா, அம்மாகிட்ட விடறேன்'னு கூப்ட்டாரு. 'எங்கம்மா இங்க வருவாங்க, நீங்க போங்க'ன்னு போட்டா பாருங்க ஒரு சத்தம்! ஆளு ஓடியே போயிட்டாரு."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"மானத்த வாங்காதம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் கயல்.

அதற்குப் பிறகும் ஊர் சுற்றுவதை நாங்கள் விடவில்லை. எந்தப் பகுதியில் இறங்கினாலும், பிரிந்துவிட்டால் வந்து நிற்பதற்கு முதலில் ஒரு கடையைப் பேசி வைத்துக்கொள்கிறோம். அதைத் தேர்ந்தெடுப்பது கயல்தான். கடைக்காரரிடம் போய், "எங்கம்மா தொலைஞ்சா இங்க வருவாங்க, பாத்துக்குங்க" என்றும் சொல்லிவிட்டு வருகிறாள்.