கன்னிவாடிக்கு வந்த சீனக் கிணறு

பி.ஏ. முடித்துவிட்டு, அத்தாவின் தோல் ஷாப்புக்குப் போகாமல் திண்டுக்கல்லில் சுற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷில் ஒரு சீனக் கதைத் தொகுப்பு கிடைத்தது. அதில் ஒரு கதையில், ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும் ஊர் வருகிறது. செத்துப்போன விவசாயி ஒருவன் தன் முறை நாளில் வந்து வயலுக்குப் பாய்ச்சிவிட்டுப் போகிறான். ஊர் வாயே திறக்காமல் அவன் முறையை அவனுக்கே விட்டுவைக்கிறது. பேயைக்கூட இவ்வளவு சொந்த ஊர்க்காரனாக எழுத முடியுமா! ஒரே வாரத்தில் தமிழில் பெயர்த்தேன்.

தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்குக் கமலை இறைப்பதும் மடை திறப்பதும் என்ன தெரியும்? கன்னிவாடியிலிருந்து வந்து என்னோடு படித்த நண்பனைத் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை. அச்சில் காட்டி அசத்தும் எண்ணம். மெட்ராஸ் பத்திரிகை ஒன்றும் போடுவதாக எழுதியது.

அதற்குள் எல்லையில் சீனாவோடு சண்டை வந்துவிட்டது. சீனக்காரன் பெயரோடு போட முடியாது, உங்கள் ஊர்க் கதையாக்கி அனுப்புங்கள் என்று ஆசிரியர் கார்டு போட்டார். நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் எழுதியவர் பெயரை அடித்தேன். அந்த ஊரை அடித்துக் கன்னிவாடி என்று எழுதினேன். வேறு ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கதை என் பெயரில் வந்தது.

நண்பன் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றான்.

"ஏலே மாப்ள, தோலை மோந்துக்கிட்டுத் திரிஞ்ச பய, எங்க ஊரை இம்புட்டு எழுதிப்புட்டியே. எங்கய்யா உன்னையக் கையோட கூட்டியாரச் சொன்னாரு."

"செத்த நேரம் இரு. அந்தக் கதை வந்து..."

"கதைய பஸ்ஸுல பேசுவோம், வா."

பஸ்ஸில் அவன்தான் பேசினான்.

அவன் அய்யா என்னை நேரே தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார்.

"இந்தக் கெணறுதான தம்பி? எங்க பெரியப்பன் செத்த வருசம் அவரு முறைய ஒருத்தரும் தொடல. வயலு காயவே இல்ல. வெளிய மூச்சு விட்டதில்ல நாங்க. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"ஒருத்தர் சொன்னாருங்க."

"எந்த ஊரு?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஒட்டன்சத்திரம் பக்கம்."

"அதான பாத்தேன். வெளியாளுக்கு இது தெரியாது. அவரையும் ஒருநா கூட்டியாங்க தம்பி, ஒரு வாய் சாப்ட்டுப் போகட்டும்."

சரிங்க என்றேன்.

அதற்குப் பிறகு நான் கன்னிவாடிக்குப் போகவில்லை. கதையும் எழுதவில்லை.